எட்டு மாதங்களில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு: மாத்திரைக்கு முன் கல்ச்சர் எடுக்க வேண்டுமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. தஞ்சை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லை. கடந்த எட்டு மாதங்களில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கழித்து முடித்த உடனேயே மறுபடியும் போக வேண்டும் என்ற அவசரம், அடிவயிற்றில் இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகத்தான் தொடங்குகின்றன. காய்ச்சல், குளிர், வெள்ளைப்படுதல் எதுவும் இல்லை.

முதல் முறை வந்தபோது மருந்துக் கடையில் கேட்டேன். சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரையை மூன்று நாள்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே சரியாகிவிட்டது. இரண்டாவது முறை அதே அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்கினேன். அப்போது எரிச்சல் முழுவதும் அடங்கப் பத்து நாள்கள் பிடித்தன. இந்த முறை நான்கு மாத்திரைகள் விழுங்கியும் துளியளவும் குறையவில்லை. நேற்று மாலை ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் எந்தப் பரிசோதனையும் எழுதாமல் செஃபிக்சைம் மாத்திரையையும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் ஒரு சிரப்பையும் எழுதிக் கொடுத்தார். மாத்திரையை வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை.

இப்போதாவது யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அது எந்த மருந்துக்குப் பணிகிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டுமா, அல்லது கொடுத்த மருந்தை முதலில் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று தெரியாமல் தவிக்கிறேன். முடிவு வர இரண்டு நாள்கள் ஆகும் என்கிறார்கள். அதுவரை இந்த எரிச்சலோடு வகுப்பில் எப்படி நிற்பது என்ற கவலையும் இருக்கிறது.

வைகறை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் பொது மருத்துவராக 19 ஆண்டுகளாகப் பணியாற்றும் பெண். உங்களை நேரில் பார்க்காமல் மருந்து எழுத என்னால் முடியாது. ஆனால் உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் நோயைக் கண்டறிவது பற்றிச் சொல்கிறேன். எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் போவதும் சேர்ந்து இருந்து, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லை என்றால், அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர்ப்பைத் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இதைச் சொல்லக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியை உட்கார வைத்துப் பொறுமையாக மூன்று கேள்விகள் கேட்டாலே போதும். அதனால்தான் வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி வரும், கர்ப்பமில்லாத, வேறு நோய் இல்லாத பெண்ணுக்குக் கல்ச்சர் இல்லாமலேயே மருந்து தொடங்கலாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் கதை வேறு. பூஞ்சைத் தொற்றாகவோ பால்வினைத் தொற்றாகவோ இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரைகள் பயன்படா. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதாலேயே பூஞ்சை கூடிவிட்டு, அந்த எரிச்சலையும் நீர்க்கடுப்பு என்று நினைத்து மீண்டும் ஆன்டிபயாட்டிக் விழுங்கும் பெண்களை மாதந்தோறும் பார்க்கிறேன்.

உங்கள் நிலை அந்த எளிய வகையைத் தாண்டிவிட்டது. ஆறு மாதங்களில் இரண்டு முறை அல்லது ஓராண்டில் மூன்று முறை வந்தால் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று வகைப்படுத்துகிறோம். அதோடு, நான்கு மாத்திரைகள் சாப்பிட்டும் குறையவில்லை. இவை இரண்டில் ஒன்று இருந்தாலே கல்ச்சர் எடுத்தாக வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. செஃபிக்சைம் அட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. நாளைக் காலையில் முதலில் மாதிரியைக் கொடுங்கள்; மாத்திரை அதற்குப் பிறகுதான்.

இரண்டு நாள்கள் எதுவும் சாப்பிடாமல் துன்பப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. மாதிரியைக் கொடுத்துவிட்டு, நைட்ரோஃபியூரன்டாயின் அல்லது ஃபாஸ்ஃபோமைசின் தொடங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நம் நாட்டில் சிறுநீரில் வளரும் ஈ. கோலி என்ற குடல் கிருமிகளில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் செஃபிக்சைம் வகை மருந்துகளுக்கும் பணிவதில்லை. நைட்ரோஃபியூரன்டாயினுக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் பெரும்பாலானவை இன்னும் பணிகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இவற்றைத்தான் முன்னே வைக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காய்ச்சல், உடல் நடுங்கும் குளிர், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் ஒரு புறமாக வலி, வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதன் அறிகுறி. அப்போது கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுனை எழுதியது:

நான் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். மருத்துவர் சொன்னதோடு, மாதிரி எடுப்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன். எங்கள் மேசைக்கு வரும் குப்பிகளில் கணிசமானவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாமல் போவதற்குக் காரணம் கிருமி அல்ல. மாதிரியை எடுத்த விதமும் அது வந்து சேர்ந்த நேரமும்தான்.

காலையில் எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீர் மிகவும் நல்லது. இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் தங்கியிருப்பதால் கிருமிகளின் எண்ணிக்கை தெளிவாகத் தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யுங்கள். டெட்டால் போன்ற கிருமிநாசினி வேண்டாம், அதன் ஒரு துளி குப்பிக்குள் விழுந்தாலும் வளர வேண்டிய கிருமி செத்துவிடும். இதழ்களை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் நடுவில் வருவதை மட்டும் குப்பியில் பிடியுங்கள். குப்பி ஆய்வகம் கொடுத்த மூடி திறக்காத குப்பியாக இருக்க வேண்டும். கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டு வந்த ஒரு பாட்டியம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பியபோது எனக்கே மனம் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் தவறான முடிவைத்தான் அவருக்குக் கொடுத்திருப்பேன்.

அடுத்தது நேரம். உகந்த சூழலில் ஈ. கோலி இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். வெயிலில் பைக் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் கிடந்த குப்பியில் ஒரு கிருமி ஐந்நூறுக்கு மேல் பெருக இடம் உண்டு. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் 4 டிகிரியில் வைத்து, அதே நாளில் பனிக்கட்டியோடு கொண்டு வர வேண்டும்.

நாங்கள் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும் ஒரு மெல்லிய கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, கிருமியை வளர்க்கும் ஊடகத் தட்டில் கோடு இழுத்து, ஓர் இரவு முழுவதும் 37 டிகிரியில் வைக்கிறோம். மறுநாள் காலையில் மெக்காங்கி என்ற வகை ஊடகத் தட்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் வட்டப் புள்ளிகளாகக் குடியிருப்புகள் எழுந்திருந்தால் பெரும்பாலும் அது ஈ. கோலியாக இருக்கும். ஒரு புள்ளி என்றால் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கிருமிகள். நூறு புள்ளிகள் என்றால் ஒரு லட்சம். அந்தக் கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சிறு காகித வில்லைகளை மேலே பதித்து, இன்னோர் இரவு வைக்கிறோம். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் வளையத்தை மில்லிமீட்டரில் அளப்போம். இரண்டு நாள்கள் ஆவது இதனால்தான்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஏற்கெனவே நான்கு மாத்திரைகள் சாப்பிட்டுவிட்டேனே, இனிமேல் எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளருமா? இன்னொன்று: முதல் முறை வந்தபோது எடுத்த யூரின் ரொட்டீன் அறிக்கை கையில் இருக்கிறது. அதில் "பஸ் செல்ஸ் 8–10, எபிதீலியல் செல்ஸ் மிகுதி, நைட்ரைட் இல்லை" என்று இருக்கிறது. நைட்ரைட் இல்லை என்றால் தொற்றே இல்லை என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்கிறார்.

சுனை எழுதியது:

மருந்து கிருமியைக் கொன்றுகொண்டிருந்தால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகக்கூடும். அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன் மாதிரி வேண்டும் என்கிறோம். ஆனால் நான்கு மாத்திரைகளுக்குப் பின்னும் உங்கள் எரிச்சல் குறையவில்லை என்பதே அந்தக் கிருமி சிப்ரோஃப்ளாக்சசினைப் பொருட்படுத்தவில்லை என்பதைக் காட்டுகிறது. அப்படிப்பட்ட கிருமி தட்டிலும் வளரும். தயங்காமல் கொடுங்கள், எந்த மாத்திரையை எத்தனை சாப்பிட்டீர்கள் என்பதைக் கோரிக்கைச் சீட்டில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

நைட்ரைட் பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரியல்ல. உணவிலிருந்து சிறுநீருக்கு வரும் நைட்ரேட்டை ஈ. கோலி நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் சிறுநீர் பையில் தங்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் கழிவறைக்கு ஓடுபவருக்கு அது எப்படித் தங்கும்? மேலும் என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. நைட்ரைட் இருந்தால் தொற்று இருப்பது ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் எதையும் முடிவு செய்ய இயலாது. எபிதீலியல் செல்கள் மிகுதியாக இருப்பது, தோலிலிருந்து கழுவப்பட்டு வந்தவை மாதிரியில் கலந்துவிட்டதைக் காட்டுகிறது. அந்தக் கலப்போடு சீழ் அணுக்களும் (பஸ் செல்ஸ்) வந்திருக்கலாம் என்பதால் அந்த அறிக்கையை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

கொடிமுல்லை எழுதியது:

எனக்கு 63 வயது. எங்கள் வீட்டில் நீர்க்கடுப்பு என்றால் உடம்புச் சூடு என்றுதான் சொல்வோம். பார்லிக் கஞ்சி, நீர்மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், நெருஞ்சில் கஷாயம் என்று என் மாமியார் செய்து கொடுப்பார். இரண்டு மூன்று நாள்களில் அடங்கிவிடும். எங்கள் தலைமுறையில் பலருக்கு மாத்திரை இல்லாமலேயே சரியானது உண்மை. எல்லாவற்றுக்கும் மாத்திரை என்று ஓடுவது சரியா என்று மருத்துவர் அம்மாவிடம் பணிவோடு கேட்கிறேன்.

வைகறை எழுதியது:

அம்மா, நீங்கள் கண்டதை நான் மறுக்க மாட்டேன். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து, கிருமியே இல்லாமலும் எரியும். அந்த எரிச்சல் இளநீருக்கும் மோருக்கும் அடங்குவது இயல்பு. இரண்டாவதாக, கிருமியால் வந்த சிறுநீர்ப்பைத் தொற்றும்கூடச் சில பெண்களுக்குத் தானாகவே தீர்கிறது. ஜெர்மனியில் 494 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஃபாஸ்ஃபோமைசினும் மறு பிரிவினருக்கு வெறும் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி மாத்திரை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே குணமடைந்தார்கள். ஆனால் அவர்கள் கூடுதல் நாள்கள் துன்பப்பட்டார்கள். எண்ணிக்கை சிறியதானாலும் சிறுநீரகத் தொற்றும் அந்தப் பிரிவில்தான் அதிகமாக வந்தது. எனவே காய்ச்சல் இல்லாத இளம் பெண் ஒருத்தி, மருத்துவரிடம் பேசிவிட்டு ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பது தவறில்லை. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் அப்படிக் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் பற்றி நம் பாட்டிமார் சொன்னதற்கு உறுதியான சான்றே இருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாக நீர் அருந்திய, மீண்டும் மீண்டும் தொற்று வந்த 140 பெண்களில் பாதிப் பேரைக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லி ஓராண்டு கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று, இவர்களுக்கு 1.7 முறைதான் வந்தது. 2018-இல் வெளியான ஆய்வு இது. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். நமக்கு நான்கே சென்டிமீட்டர். குடலிலிருந்து வரும் கிருமி அந்தக் குறுகிய தூரத்தை எளிதில் கடந்துவிடுகிறது. அடிக்கடி நீர் பிரிந்தால் அது பையின் சுவரில் பற்றிக்கொள்வதற்கு முன்பே அடித்துச் செல்லப்படுகிறது.

அந்த சிரப் பற்றியும் சொல்ல வேண்டும், காவிரிக்கரை அம்மா. அமிலத்தன்மையைக் குறைப்பதால் எரிச்சல் சற்றுத் தணிந்தது போல் தோன்றும். ஆனால் நைட்ரோஃபியூரன்டாயின் அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்தின் வீரியம் குறையும். அந்த மருந்து எழுதப்பட்டால் சிரப்பை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

தறிநூல் எழுதியது:

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. நான் பதினொரு ஆண்டுகள் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு நான்கு மாடி ஏற வேண்டும். தீபாவளி நேரத்தில் அதற்கும் அனுமதி கிடைக்காது. அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பி, மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. எங்கள் பிரிவில் இருந்த பதினான்கு பெண்களில் நீர்க்கடுப்பு வராதவர் எனக்குத் தெரிந்து எவரும் இல்லை. ஒருத்தியின் கைப்பையில் எப்போதும் நார்ஃப்ளாக்சசின் அட்டை ஒன்று இருக்கும். யாருக்கு எரிச்சல் வந்தாலும் அதிலிருந்து இரண்டு மாத்திரைகள் கிள்ளிக் கொடுப்பாள். அன்போடுதான் கொடுத்தாள்.

2021-இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. கேரளத்தில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. உட்கார நாற்காலி வந்ததைப் போல, கேட்காமல் போய்வரும் கழிவறையும் வர வேண்டும். ஆசிரியை அம்மா தன் பள்ளியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அங்கேயும் இதே நிலைதானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பெண் ஆசிரியர்கள் 23 பேருக்கு ஒரே கழிவறைதான், அதுவும் மைதானத்துக்கு அப்பால். இடைவேளை பத்து நிமிடம். காலை எட்டே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் மாலை நாலரைக்குத்தான் மறுபடி போவேன். தண்ணீர்ப் பாட்டில் கொண்டு போவேன், பாதியோடு திருப்பிக் கொண்டு வருவேன். இதற்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கும் என்று இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை; அவர்களும் கேட்டதில்லை. மாணவிகளின் நிலை இதைவிட மோசம் என்பதை இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

ஆலமரத்தடி எழுதியது:

என் தாயாரைப் பற்றி ஒரு கேள்வி. அவருக்கு 78 வயது. முழு உடல் பரிசோதனையில் எடுத்த யூரின் கல்ச்சரில் "ஈ. கோலி ஒரு லட்சத்துக்கு மேல்" என்று வந்தது. அவருக்கு எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லை. வழக்கம்போலச் சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார். ஆனாலும் ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் ஊசி போட வேண்டும் என்றார்கள். போட்டோம். ஒரு மாதம் கழித்து மீண்டும் கல்ச்சர், மீண்டும் அதே கிருமி. இப்போது மாத்திரைகள் எதற்கும் பணியாது, இன்னும் வலிமையான ஊசிதான் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

வைகறை எழுதியது:

ஐயா, உங்கள் தாயாருக்குத் துன்பம் எதுவும் இல்லையென்றால், இந்தத் தகவலின்படி அவருக்குச் சிகிச்சை தேவைப்படும் நோய் எதுவும் இல்லை. அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது முதிய பெண்களிடம் மிகவும் சாதாரணம். எண்பது வயதைத் தாண்டிய பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம். மருந்து கொடுத்தால் அது சில வாரங்கள் மறையும், பிறகு திரும்பும். திரும்பும்போது அந்த மருந்துக்குப் பணியாத கிருமியாகத் திரும்பும். அவருடைய இரண்டாவது அறிக்கையில் நடந்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் இரத்தம் கசியக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் மட்டுமே அறிகுறி இல்லாத நிலையிலும் மருந்து கொடுக்கிறோம். மற்றவர்களுக்கு, கேட்காத கேள்விக்கு எடுத்த கல்ச்சர் தீங்கே செய்கிறது. அந்த ஊசிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அவருக்குக் காய்ச்சலோ, புதிதாக எரிச்சலோ, விலாவில் வலியோ வந்தால் அது வேறு நிலை.

இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். நாளை அவருக்கு உண்மையாகவே சிறுநீரகத் தொற்று வரும்போது வேலை செய்ய வேண்டிய ஊசி அது. மருந்துக் கடைகள் செஃபிக்சைம் போன்ற மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களையும் அதற்கு மேற்பட்டவற்றையும் யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கடைக்குத்தான், எழுதிக் கொடுக்கும் எங்கள் கைக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

பிச்சிப்பூ எழுதியது:

நான் 12 வாரக் கர்ப்பிணி. எனக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் முதல் பரிசோதனையிலேயே கல்ச்சரில் கிருமி வந்து மருந்து எழுதியிருக்கிறார்கள். மேலே படித்த பிறகு சாப்பிட வேண்டாமோ என்று நினைக்கிறேன்.

வைகறை எழுதியது:

தயவு செய்து நிறுத்த வேண்டாம், சகோதரி. மேலே சொன்னதற்கு முக்கியமான விதிவிலக்கு நீங்கள்தான். கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் விரிந்து, சிறுநீர் தேங்குவதால் கிருமி மேலே ஏறுவது எளிது. சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது சிறுநீரகத் தொற்றாக மாறக்கூடும். அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. எழுதிய நாள்கள் முழுவதும் சாப்பிடுங்கள். முடித்தபின் கிருமி போய்விட்டதா என்று மீண்டும் கல்ச்சர் எடுக்கச் சொல்வார்கள். அதையும் தவறாமல் செய்யுங்கள்.

நீலாம்பரி எழுதியது:

எனக்கு 58 வயது. மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஐந்தாறு முறை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக். கடைசியாக ஒரு மகப்பேறு மருத்துவர்தான் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பிறப்புறுப்பின் உட்புறம் வறண்டு மெலிந்துவிட்டது என்று சொல்லி ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதினார். இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை உள்ளே தடவுகிறேன். கடந்த ஒன்றரை ஆண்டில் ஒரே ஒரு முறைதான் வந்தது. முதலில் தயங்கினேன், இந்த வயதில் இதற்குக் களிம்பா என்று வெட்கப்பட்டேன். யாரும் என்னிடம் முன்பே சொல்லாததால் ஆறு ஆண்டுகள் வீணாயின என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

வைகறை எழுதியது:

மிக முக்கியமான செய்தியை எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அங்கே காவலாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் கிருமிகள் குறைகின்றன, அமிலத்தன்மை போகிறது, குடல் கிருமிகள் குடியேறுகின்றன. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் களிம்பு பூசிய பெண்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறையும், மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. களிம்பிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

கடைகளில் விற்கும் மற்ற பொருள்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கிரான்பெர்ரி மீண்டும் மீண்டும் தொற்று வரும் பெண்களுக்கு ஓரளவு உதவுகிறது. டி-மேனோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரைப் பொடியின் விலை அதிகம். பிரிட்டனில் ஏறக்குறைய அறுநூறு பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில் அது பயன் தரவில்லை.

அரும்பு எழுதியது:

எல்லோரும் கல்ச்சர் எடுங்கள் என்கிறீர்கள். எங்கள் ஊரிலிருந்து கல்ச்சர் எடுக்கும் ஆய்வகம் 34 கிலோமீட்டர். மாதிரி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். இது நகரத்தில் இருப்பவர்களுக்கான ஆலோசனையாகவே எனக்குப் படுகிறது.

சுனை எழுதியது:

நீங்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் முதல் முறை வரும் எல்லோருக்கும் கல்ச்சர் கேட்கவில்லை. மீண்டும் மீண்டும் வருபவருக்கும் மருந்துக்கு அடங்காதவருக்கும் கேட்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது. முடிவை அலைபேசியில் அனுப்பச் சொன்னால் இரண்டாவது பயணம் மிச்சமாகும். போரிக் அமிலம் போட்ட குப்பி கிடைத்தால் மாதிரி வெளியில் இருந்தாலும் ஒரு நாள் வரை தாங்கும். எங்களிடம் வரும் ஓர் அம்மா, எவர்சில்வர் தூக்குவாளியில் ஐஸ் குச்சிக் கடையிலிருந்து வாங்கிய பனிக்கட்டியைப் போட்டு, குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி நடுவில் நிறுத்தி, இரண்டு பேருந்துகள் மாறிக் கொண்டு வருவார். அவர் மாதிரி ஒரு முறையும் கெட்டதில்லை.

காவிரிக்கரை எழுதியது:

முடிவு வந்துவிட்டது. ஈ. கோலி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன் மூன்றுக்கும் எதிர்ப்பு. நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், மெரோபெனெம் ஆகியவற்றுக்குப் பணிகிறது. கீழே "ஈஎஸ்பிஎல் உற்பத்தி செய்யும் கிருமி" என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்ததும் பயந்துவிட்டேன். மெரோபெனெம் ஊசிதான் போட வேண்டுமா? அதற்கு நேரே இருக்கும் எண்தான் மிகச் சிறியது. சிறிய எண் என்றால் வலிமையான மருந்து என்றார்கள்.

சுனை எழுதியது:

பயப்பட வேண்டாம், அம்மா. ஈஎஸ்பிஎல் என்பது செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் ஒரு நொதி. அந்தக் கிருமி மற்றவற்றைவிடக் கொடூரமானது என்று பொருள் அல்ல. நீங்கள் பிரிக்காமல் வைத்திருந்த அட்டை இந்தக் கிருமியை வெல்வது அரிது என்பது இப்போது தெரிகிறது. உங்கள் அறிக்கையில் உள்ள எண் நான் முன்பு சொன்ன வளையத்தின் அளவு அல்ல; கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்தளவு. அந்த எண்களை ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு வேறு. நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 32 வரை பணிகிறது என்றுதான் பொருள். மெரோபெனெமுக்கோ 1 என்பதே எல்லை.

வைகறை எழுதியது:

காய்ச்சல் இல்லாமல், சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு மெரோபெனெம் தேவையில்லை. அறிக்கையில் நைட்ரோஃபியூரன்டாயின் பணிகிறது என்று இருப்பதால் உங்கள் மருத்துவர் அதையே எழுதக்கூடும். வழக்கமாக 100 மில்லிகிராம் நாளொன்றுக்கு இரண்டு முறை, ஐந்து நாள்கள். உணவுக்குப் பிறகு சாப்பிட்டால் குமட்டல் குறையும். சிறுநீர் பழுப்பாகப் போனால் அஞ்ச வேண்டாம். அது சிறுநீரில்தான் செறிவாகச் சேர்கிறது, சிறுநீரகத் திசுவில் போதிய அளவு தங்குவதில்லை. அதனால் சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு அது உதவாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும், ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களும், பிரசவத்தை நெருங்கும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். எரிச்சல் முழுவதும் நின்றுவிட்டால் மீண்டும் கல்ச்சர் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது முறை என்பதால், கல் இருக்கிறதா, சிறுநீர் மிச்சம் தங்குகிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேனும், இரத்தச் சர்க்கரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

பதினாறு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அறிக்கையோடு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் நைட்ரோஃபியூரன்டாயின் ஐந்து நாள் எழுதி, சிரப்பை நிறுத்தச் சொன்னார். இரண்டாம் நாள் இரவு தடையில்லாமல் தூங்கினேன். முதல் நாள் வெறும் வயிற்றில் சாப்பிட்டு வாந்தி வந்தது. பிறகு இட்லிக்குப் பின் சாப்பிட்டேன், வரவில்லை. ஸ்கேனில் கல் இல்லை, சர்க்கரையும் இயல்பாக இருக்கிறது. அறிக்கையை நகலெடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் காட்டுவேன்.

பெண் ஆசிரியர்கள் 23 பேரும் கையெழுத்திட்டுத் தலைமை ஆசிரியரிடம் மனுக் கொடுத்தோம். மாடிப்படிக்கு அருகில் பூட்டிக் கிடந்த கழிவறையைத் திறந்து தண்ணீர் இணைப்புக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்; குழாய் வேலை சனிக்கிழமை தொடங்குகிறது. மாணவிகளுக்கு மூன்றாம் பாடவேளை முடிந்ததும் தனியாக ஐந்து நிமிடம் விடக் கேட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை மீண்டும் கேட்கப் போகிறேன்.